கிணற்று நீர் நுரைக்குமா

யூலை 8, செவ்வாய்

கச்சான் காற்று. விடிந்ததிலிருந்து புழுதி. மேசையை மூன்று தரம் துடைத்தாயிற்று, நாலாம் தரம் துடைக்கப் பொறுமை இல்லை.

இன்று:
– மாதிரி வினாத்தாள் புள்ளிப் பட்டியல் முடிக்க
– ஞாயிறு செயற்குழுக் கூட்டம், எல்லோருக்கும் செய்தி அனுப்ப (தலைவருக்கு மட்டும் அழைத்தே சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கோபிப்பார்)
– ஆய்வுகூட அலுமாரிப் பூட்டின் திறப்பு எங்கே?
– ஜெயபுரம் பக்கக் கடிதம்

பட்டியல் அரைவாசி. திறப்பு இல்லை. கடிதம்தான் மண்டைக்குள் நிற்கிறது.

எழுதியவர் சுகந்தினி. ஜெயபுரத்துக்கு அங்கால் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான ஆசிரியை. எங்கள் விஞ்ஞான ஆசிரியர் சங்கத்தில் சேர்ந்து ஒரு வருடம், கூட்டங்களில் கடைசிக் கதிரை, வாய் திறந்து நான் கேட்டதில்லை. நாங்கள் நடத்திய மாதிரிப் பரீட்சையில் ஆறாம் வினாவுக்கு அவருடைய பதினோராம் ஆண்டுப் பிள்ளைகள் பதினான்கு பேருக்கும் பூச்சியம். "அவர்கள் கண்டதைத்தான் எழுதினார்கள்" என்கிறார். அதிபர் அந்தப் புள்ளிகளைப் பார்த்து, இவருக்குப் பாடம் தெரியாது என்று முடிவு கட்டி, அடுத்த தவணை வகுப்பை வேறு ஒருவருக்குக் கொடுக்கப் போகிறாராம். "நான் பிழையாகப் படிப்பிக்கவில்லை என்று சங்கம் ஒரு கடிதம் தர முடியுமா?"

வேறொன்றும் கேட்கவில்லை. ஒரு கடிதம்.

வினாத்தாளை எடுத்துப் பார்த்தேன். ஆறாம் வினா, பள்ளிக்கூடத்திலேயே செய்து பார்த்து எழுத வேண்டியது: பாடசாலைக் கிணற்று நீரைக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, சவர்க்காரக் கரைசல் இட்டுக் குலுக்குக. அவதானம் யாது? புள்ளியிடும் திட்டத்தில் ஒரே விடை: நன்கு நுரை உண்டாகும், 4 புள்ளி.

திட்டம் தலைவர் சபாரத்தினம் சேர் போட்டது. வினா நான் போட்டது. "பாடசாலைக் கிணற்று" என்ற சொல்லைப் பிள்ளைகளுக்கு ஒரு சொந்தம் வரட்டும் என்று நானாகச் சேர்த்தேன். அப்போது பெருமையாக இருந்தது.

யூலை 9, புதன்

காற்று அப்படியே. ஐந்தாம் பாடவேளை எனக்கு வகுப்பு இல்லை, விடைத்தாள் கட்டுகளை அவிழ்த்தேன்.

எல்லாப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் "நன்கு நுரை உண்டாகும்." கடற்கரைப் பக்கத்துப் பிள்ளைகளும்தான். அங்கே கிணற்றில் தலை முழுகினால் மயிர் தும்புக் கட்டை மாதிரி விறைத்து நிற்கும். அந்தத் தண்ணீரும் நன்கு நுரைத்ததாம்.

சுகந்தினியின் பதினான்கு தாள்கள் மட்டும் பதினான்கு விதம். ஒரு பிள்ளை: "தயிர் திரைந்த மாதிரி." இன்னொன்று: "அம்மா உடுப்புத் தோய்க்கும்போது வாளியில் மிதக்கும் வெள்ளை அழுக்கு." ஒன்று: "மூன்று தரம் செய்தோம். மூன்று தரமும் நுரை வரவில்லை. ரீச்சர் நாலாம் தரமும் செய்யச் சொன்னா. வரவில்லை." இவ்வளவுக்கும் குறுக்கே சிவப்புக் கோடு. வாசிக்க வாசிக்க எனக்கு ஆசையாக இருந்தது. பிறகு வெட்கமாக இருந்தது.

என் சொந்த வகுப்புத் தாள்கள்? முப்பத்தொரு "நன்கு நுரை உண்டாகும்." எப்படி என்று எனக்குத் தெரியும். அன்று ஆய்வுகூட அடுப்புக்குக் காஸ் முடிந்திருந்தது. "நுரை வரும், எழுதுங்கோ" என்று நான்தான் சொன்னேன். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது சும்மா இல்லை.

பின்னேரம் சுகந்தினிக்கு அழைத்தேன்.

"கொதிக்க வச்சதுதானே? ஒழுங்காக் கொதிச்சதோ?"

"ஓம் ரீச்சர். விறகு அடுப்பிலதான் வச்சனாங்கள். பிள்ளையளே ஊதி ஊதி எரிச்சவை."

"புத்தகத்தில என்ன இருக்கெண்டு நீங்கள் சொல்லேல்லையோ?"

"சொன்னனான். அடுத்த பக்கத்தில உள்ளதையும் சொன்னனான்."

அடுத்த பக்கம். நுரையைத் தடுக்கிற வன்மை தண்ணீரில் இரண்டு வகை: தற்காலிக வன்மை கொதித்தால் போகும், நிலையான வன்மை போகாது. வருடா வருடம் நானும் படிப்பிக்கிற பக்கம். கிணற்றடியில் உள்ளதற்கும் அந்தப் பக்கத்துக்கும் ஏதோ தொடர்பு இருக்கும் என்று மட்டும் ஒரு நாளும் தோன்றவில்லை.

யூலை 10, வியாழன், போயா

பௌர்ணமி விடுமுறை, பாடசாலை இல்லை. சமையலுக்கு முன் குசினியில் பரிசோதனை. எங்கள் வீட்டுக் கிணற்று நீர், கொதிக்கவைத்தது, ஆறவிட்டது, சவர்க்காரம் சீவிக் கரைத்தது, பழைய ஜாம் போத்தல். குலுக்கினேன். நுரைத்தது. அப்படி நன்றாக என்று சொல்ல முடியாது, ஆனால் நுரை.

எனக்குப் பெரிய ஏமாற்றம். ஏன் ஏமாற்றம்? சபாரத்தினம் சேரின் விடை பிழையாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேனோ?

இவர், என் மனுசன், தேத்தண்ணி கேட்டு வந்து நின்றார். நான் ஜாம் போத்தல் குலுக்குவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இருபது வருசமாப் படிப்பிக்கிறீர். இண்டைக்குத்தான் குலுக்கிப் பாக்கிறீரோ?"

"ஓம்."

"ஏட்டுச் சுரைக்காய்."

"தேத்தண்ணி வேணுமோ வேண்டாமோ?"

ஒரு கிணற்றை வைத்துக் கதைக்க ஏலாது. ஒவ்வொரு இடத்துத் தண்ணீரும் வேண்டும். பொருளாளர் குகனுக்கு அழைத்தேன். மல்லாவியில் இரசாயனம் படிப்பிக்கிறான். ஞாயிறு வரும்போது ஒரு போத்தல் கிணற்றுத் தண்ணீர் கொண்டு வரச் சொன்னேன். "அக்கா, கூட்டத்துக்கு வடை கொண்டு வரச் சொல்லுவியள், இது புதுசா இருக்கு" என்றான்.

மத்தியானம் சாப்பாடு பிந்தியது. பருப்பு அடிப்பிடித்தது.

யூலை 11, வெள்ளி

சபாரத்தினம் சேருக்கு அழைத்தேன். ஓய்வு பெற்று எட்டு வருடம், சங்கத்துக்கு இன்னும் அவர்தான் தலைவர். என்னைச் செயலாளராக்கியதும் அவர். அவருடைய பயிற்சிப் புத்தகம் இல்லாத வீடு இந்தப் பக்கத்தில் இல்லை. அதிலும் கிணற்று நீர் நன்கு நுரைக்கிறது. பார்த்தேன், பக்கம் மடித்து வைத்திருக்கிறேன்.

சுகந்தினியின் கடிதத்தையும் பதினான்கு தாள்களையும் பற்றிச் சொன்னேன். இடைமறிக்காமல் கேட்டார். பிறகு:

"பிள்ளை, வினாவுக்கு ஒரு விடைதான். இல்லாட்டிப் புள்ளி போட ஏலாது."

"சேர், நாங்கள் கேட்டது அவையின்ர கிணத்துத் தண்ணியை."

"பாடசாலைக் கிணறெண்டது நீர் போட்ட சொல்லு."

உண்மை.

"கடிதம் குடுத்தா நாளைக்கு ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு போத்தலோட வந்து நிப்பினம். சங்கத்தின்ர தாள் பிழையெண்டு நாங்களே எழுதிக் குடுக்கிறதோ?"

"அவாவின்ர வகுப்புப் போகுது, சேர்."

"ஞாயிறு பாப்பம்" என்று வைத்துவிட்டார்.

இந்தச் சங்கம் விஞ்ஞான ஆசிரியர்களுக்குத் தோள் கொடுப்பதற்கு என்று சங்க விதிகள் எழுதிய யாப்பின் முதல் வரியில் இருக்கிறது. இதுவரை கொடுத்தது வினாத்தாள்.

அலுமாரித் திறப்பு என் கைப்பைக்குள்ளேயே.

யூலை 13, ஞாயிறு

வெயில். ஆசிரியர் நிலைய அறையில் மின்விசிறி ஒன்று, அதுவும் தலைவர் பக்கம் மட்டும் திரும்பும்.

வந்தவர்கள் ஒன்பது பேர். சுகந்தினி ஐந்து லீற்றர்த் தண்ணீர்க் கான் ஒன்றோடு இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். கொண்டக்டர் மண்ணெண்ணெய் என்று ஏற்ற மறுத்தானாம், மூடியைத் திறந்து மணக்கக் கொடுத்தாராம். மேசையில் போத்தல்கள்:
– ஜெயபுரம் (சுகந்தினி)
– மல்லாவி (குகன்)
– என் வீட்டுக் கிணறு
– இரணைமடுக் குளத்துத் தண்ணீர் (இவர் சைக்கிளில் போய் எடுத்து வந்தது. கேலி செய்தாலும் போனார்)

நான்கையும் கொதிக்கவைத்து ஆறவைக்க ஒன்றரை மணித்தியாலம். அதற்குள் கூட்ட அறிக்கை, நன்றியுரை எல்லாம் முடிந்தது. ஒருவரும் கேட்கவில்லை, எல்லோர் கண்ணும் சட்டியில்.

ஜெயபுரம் தண்ணீரைச் சுகந்தினி கையால் குலுக்கினார். நுரை. போத்தல் கழுத்து வரை நுரை.

சுகந்தினியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "இல்லை ரீச்சர், இப்பிடி வாறேல்லை" என்றார், சத்தமே இல்லாமல். குகன் தொண்டையைச் செருமினான். யாரோ பின்னால் "அப்ப சரிதானே, சேர் சொன்னது" என்றார். கடிதம் போயிற்று, வகுப்பும் போயிற்று என்றுதான் நினைத்தேன்.

சபாரத்தினம் சேர் எழுந்து வந்தார். வென்ற மனிதருக்கு முகம் மலர வேண்டும், மலரவில்லை. போத்தலைத் தூக்கிப் பார்த்தார். மூடியைத் திறந்து மணந்தார்.

"சவர்க்காரக் கரைசல் ஆர் செய்தது?"

"நான்தான் சேர்."

"எதில?"

சவர்க்காரக் கட்டியை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தேன். கழுவுமிடத்தில் இருந்த பாத்திரம் கழுவும் திரவத்தில் கொஞ்சம் ஊற்றிக் கலக்கியிருந்தேன். சொன்னேன்.

"அது சவர்க்காரம் இல்லைப் பிள்ளை. அது கடல் தண்ணியிலயும் நுரைக்கும்."

ஒன்பது விஞ்ஞான ஆசிரியர்கள். மேசையைச் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றியது, தோன்றாமல் இருந்தால் லாபம் அடையக்கூடிய ஒருவருக்கு.

அவரே றோட்டைக் கடந்து கடைக்குப் போய் உடுப்புத் தோய்க்கும் சவர்க்காரக் கட்டி ஒன்று வாங்கி வந்தார். பேனாக் கத்தியால் அவரே சீவினார். போத்தலைக் கழுவச் சொன்னார், கழுவியதை மணந்து பார்த்துவிட்டு இன்னொரு தரம் கழுவச் சொன்னார்.

இரணைமடு: பொங்கி வழிந்தது. என் வீடு: சுமார். மல்லாவி: நெடுநேரம் குலுக்கிய பிறகு கொஞ்சம். ஜெயபுரம்: வெள்ளைத் திரள். நுரை இல்லை. சேர் குலுக்கினார், குகன் குலுக்கினான், நான் குலுக்கினேன். இல்லை. தயிர் திரைந்த மாதிரி என்று எழுதிய பிள்ளைக்கு நாலு இல்லை, எட்டுப் புள்ளி கொடுக்கலாம்.

குகன் மெல்ல: "ரெண்டு விடையும் சரியெண்டு பட்டியலை மாத்தி விடுவம். கடிதம் கிடிதம் எண்டு ஏன் பெரிசாக்கிறது?"

சேர்: "முழுப் பூசணிக்காய். சோத்துக்குள்ள கொள்ளாது தம்பி."

கடிதத் தலைப்புத் தாள் கேட்டார். சொல்லச் சொல்ல நான் எழுதுவதுதான் வழக்கம். இன்று தானே எழுதினார். சுகந்தினியின் படிப்பித்தல் சரியானது, மாணவரின் அவதானங்கள் சரியானவை, பதினான்கு பேருக்கும் முழுப் புள்ளி. அதற்குக் கீழே, கொஞ்சம் பொறுத்து: "புள்ளியிடும் திட்டத்தைத் தயாரித்தவன் நான். அந்தப் பரிசோதனையை நான் செய்து பார்க்கவில்லை."

பேனாவை வாங்கி நானும் ஒரு வரி சேர்த்தேன். வினா என்னுடையது, நானும் செய்து பார்க்கவில்லை.

சுகந்தினி கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். நன்றி சொல்லவில்லை. "சேர், இதை நீங்கள் வந்து குடுப்பியளோ? நான் கொண்டு போனா நானே எழுதினதெண்டு அதிபர் சொல்லுவார்" என்றார்.

யூலை 15, செவ்வாய்

காற்று கொஞ்சம் தணிவு. காஸ் நிரப்பியாயிற்று. என் வகுப்பில் ஆறாம் வினாவை உண்மையாகவே செய்தோம். அன்று நான் சொல்லித்தந்த விடை நான் பார்க்காத விடை என்று சொன்னேன். முன் வாங்கில் இருந்து உடனே: "அப்ப எங்கட நாலு புள்ளி வெட்டுவியளோ ரீச்சர்?" மன்னிப்புக் கேட்பவரிடம் இந்தப் பிள்ளைகள் கேட்கிற கேள்வியைப் பாரேன். வெட்டவில்லை. வெட்டினால் என் கையைத்தான் வெட்ட வேண்டும்.

மூன்று பள்ளிக்கூடங்களிலிருந்து அழைப்பு. தங்கள் கிணற்றையும் பார்க்க வேண்டுமாம். போத்தலோடு வந்து நிற்பார்கள் என்று சேர் சொன்னது சரி. அவரிடம் சொன்னேன். "எந்தக் கிணறு? எவ்வளவு ஆழம்?" என்று கேட்கிறார்.

யூலை 17, வியாழன்

அரைநாள் விடுப்பு. சேரின் பழைய காரில் ஜெயபுரம் பக்கம். வழி முழுக்கக் கடலிலிருந்து எவ்வளவு தூரம், எங்கே தண்ணீர் உவராகிறது என்று கேட்டுக்கொண்டே வந்தார். இரண்டு இடத்தில் காரை நிறுத்திக் கிணறு எட்டிப் பார்த்தார். ஒரு வீட்டு நாய்க்குப் பிடிக்கவில்லை.

அதிபர் கடிதத்தை நின்றபடி வாசித்தார். "சங்கமே எழுதித் தந்தாப் பிறகு நான் என்ன சொல்லுறது? வகுப்பு அவாவோடயே இருக்கட்டும்." அவ்வளவுதான். பெரிய சண்டைக்கு ஆயத்தமாகப் போயிருந்தேன், சொல்ல வைத்திருந்த வசனங்கள் எல்லாம் வீண்.

சுகந்தினி எங்களைப் பதினோராம் ஆண்டு வகுப்புக்குக் கூட்டிப் போனார். பதினான்கு பேரும் எழும்பி நின்றார்கள். சேர் கடிதம் முழுவதையும் வாசித்துக் காட்டினார். "நான் செய்து பார்க்கவில்லை" என்ற இடத்தில் ஒரு பிள்ளை சிரித்தது, சுகந்தினி பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டது.

"கேள்வி இருந்தாக் கேளுங்கோ" என்றார் சேர்.

இரண்டாம் வாங்கில் ஒரு பிள்ளை எழும்பினாள். மூன்று தரம் செய்தோம் என்று எழுதியவளாம், பிறகு சுகந்தினி சொன்னார்.

"சேர், வாற ஓ.எல். அரசாங்கச் சோதனையில கிணத்துத் தண்ணி எண்டு மட்டும் கேட்டிருந்தா, கண்டதை எழுதுறதோ, புத்தகத்தில உள்ளதை எழுதுறதோ?"

சேர் என்னைப் பார்த்தார். நான் சுகந்தினியைப் பார்த்தேன். சுகந்தினி சேரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், உண்மையில் தெரிய வேண்டும் என்கிற பார்வை. அந்தத் தாளைத் திருத்தப்போவது எங்கள் சங்கம் இல்லை. அங்கே கடிதம் கொடுக்க யாரும் இல்லை.

"எனக்குத் தெரியேல்லைப் பிள்ளை" என்றார்.

அந்தப் பிள்ளை தலையாட்டிவிட்டு அமர்ந்து, கொப்பியை விரித்துத் திகதி போட்டு எழுதத் தொடங்கினாள். போகிற சாட்டில் எட்டிப் பார்த்தேன். கேள்வியை முழுதாக எழுதியிருந்தாள். அதற்குக் கீழே: "அவதானம்: சேருக்கும் தெரியாது."