நான் எழுதிக் கொடுத்த மூன்று விண்ணப்பங்கள்

என் வீட்டுக்காரிக்கு,

இதை முழுக்க நானே எழுதுகிறேன், நம்பு! ஒரு பக்கத்துக்கு இரண்டு நாள் ஆகிறது. உன் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம். வாசித்துக் காட்டும் மகளிடம் சிரிக்க வேண்டாம் என்று சொல்.

நான் வாசல் காக்கும் அரசுப் பள்ளியின் தலைமை ஆசிரியை அம்மாதான் எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார். அதைக் கேள்விப்பட்டு, எழுதத் தெரியாத பெற்றோர் மூன்று பேர் என்னிடம் விண்ணப்பம் எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. பிள்ளையைத் தனியார் பள்ளிக்கு மாற்றும் விண்ணப்பம் அது. யோசிக்காமல் எழுதிக் கொடுத்தேன்.

தலைமை ஆசிரியை அம்மா என்னைக் கூப்பிட்டு மூன்றையும் மேசையில் வைத்தார். "எழுத்து முத்து முத்தா இருக்கு தாத்தா. ஆனா இப்ப இருபது பிள்ளைங்கதான் மிச்சம். இன்னும் ஒண்ணு போனா அரசாங்கம் பணத்தை நிறுத்திடும், பள்ளிக்கூடத்தைப் பூட்டிடுவாங்க."

பயப்படாதே, இன்னும் பூட்டவில்லை. எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. நேற்று ஒரு தாய் வந்து, "தாத்தா, எனக்கும் ஒண்ணு எழுதுங்க. அங்க வீட்டு வாசலுக்கே வேன் வருதாம்" என்றாள். கண் மங்கிவிட்டது என்று பொய் சொன்னேன். வேறு யாரிடமாவது எழுதி வாங்கப் போவாளோ, தெரியவில்லை.

எழுதுவதற்கென்று நான் முன்பே கேட்ட மூக்குக்கண்ணாடியைப் பழைய துண்டுக்குள் சுற்றி அனுப்பு. இங்கே யாரும் பார்க்கக் கூடாது, பார்த்தால் மறுபடி எழுதிக் கொடு என்பார்கள். உனக்கு மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுவேன்.

மணி அடிக்க நேரமாகிவிட்டது. வாசலில் நின்று இருபது பேரும் வருகிறார்களா என்று எண்ண வேண்டும்.

உன் வீட்டுக்காரன்