பாலத்தின் உச்சியில் ஒரு விரல் இடைவெளி

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. வீட்டில் எல்லாரும் சுகம். நான்தான் தலை சுற்றிப்போய்க் கிடக்கிறேன். மூன்று வருஷம் முறைத்துக்கொண்டிருந்துவிட்டு, காரியம் என்றதும் வருகிறான் பார் என்பாய். திட்டிக்கொள். போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால்தான் கடிதம்.

ஆற்றுப் பாலத்தின் பராமரிப்பு இப்போது என் தலையில். எண்பத்தாறு வருஷத்துக் கான்கிரீட் வளைவு. அதன் உச்சியில், சாலைக்குக் குறுக்கே, ஒரு விரல் அகல விரிசல். குளிர்காலத்தில் கொத்தனாரை விட்டு அடைத்தேன். இரண்டு தடவை பெயர்ந்தது. "பூசப் பூச வாயைப் பிளக்குது சார்" என்று அவர் புலம்ப, கலவை சரியில்லை என்று பாய்ந்தேன். மூன்றாம் தடவை மனிதர் பாறை மாதிரி அடைத்துவிட்டார். எனக்கு ஒரே பெருமை.

வெயில் ஏறியதும் வளைவின் இரண்டு பக்கமும் புது விரிசல்கள்! பதறிப்போய் ஆபீஸ் அலமாரியைக் குடைந்தேன். கட்டிய காலத்து வரைபடத்தில் உச்சியில் ஒரு கீல், கதவுக் கீல் மாதிரி அசைந்து கொடுக்கும் மூட்டு, இரண்டு காலடியிலும் ஒவ்வொன்று. வெயிலில் வளைவு எழும்பும், குளிரில் இறங்கும், அந்த அசைவுக்காக விட்ட இடைவெளி, அடைக்கக் கூடாது என்று ஓரத்தில் எழுதியிருக்கிறது.

அதற்குள் இன்னொரு வரைபடம் கிடைத்துத் தொலைத்தது. பாலம் கட்டி இருபது வருஷம் கழித்துப் பழுது பார்த்தபோது போட்டது. அதில் உச்சியில் கீலே இல்லை. வளைவு ஒரே துண்டு. எதை நம்ப? "ஒப்புதல் முத்திரை ரெண்டாவதுலதான் இருக்கு, பேசாம இருங்க" என்கிறார் மேலதிகாரி. சரிதானே என்று படுகிறது. மறுநிமிஷம் முதல் வரைபடத்தை மறுபடி விரித்துப் பார்க்கிறேன். அடைத்ததை வெட்டி எடுக்கலாம் என்றால், ஒரே துண்டாக இருந்து தொலைத்தால்? நல்ல வளைவை நானே உடைத்தவனாவேன்.

இந்த மாதிரி வளைவுப் பாலங்களோடுதானே அங்கே இன்ஜினியராக உன் பிழைப்பு! படித்த திமிர் என்று அன்று சண்டையில் சொன்னேனே, அது பொறாமை அக்கா. வேறொன்றுமில்லை.

இன்று காலை யாரையும் கேட்காமல் பாலத்தின் இரண்டு முனையிலும் தடுப்புக் கதவைப் பூட்டிவிட்டேன். ஊரே சுற்றிப் போகிறது, என்னைக் கரித்துக்கொட்டுகிறது. மேலதிகாரி நாளைக்குத் திறக்கச் சொல்கிறார். இரண்டு வரைபடங்களின் நகலும் இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். உன் பதில் வரும்வரை, வேலை போனாலும், சாவியைக் கொடுக்க மாட்டேன்.

என் சின்னவளின் பள்ளி பஸ் இந்தப் பாலத்தில்தான் போய்வரும். நான் அடைத்த பிறகும் மூன்று மாதம், தினம் இரண்டு வேளை, அது இதன் மேல் போய்வந்தது, நானே கையசைத்து அனுப்பினேன். தப்பு என்றால் தப்பு என்றே எழுது, என் மனசுக்காகக் குறைத்து எழுதாதே.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
தம்பி