ஆறாம் வீட்டில் சிக்னல் இல்லை

திங்கள், காலைச் சங்கு

தெற்குச் சுரங்கத்தில் ஐஸ் வற்றிப்போன வருஷம். கீழே பூமியில் கோடை மழையும் ஐப்பசி மழையும் சேர்ந்து வந்து திருச்செந்தூர் ரோட்டை வாரிக்கொண்டு போன வருஷம். முபாரக்கை நாங்கள் அடக்கம் செய்த வருஷம். நம்பர் வேண்டும் என்கிறவர்கள் கணக்குப் போட்டுக்கொள்ளட்டும்.

பேசுவது இசக்கிராஜ். நிலாவின் தென்முனை, ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளர் லைன், ஆறாம் வீடு. இதுதான் கடைசி வீடு. நான் சொல்லச் சொல்ல டேப்லெட் எழுதுகிறது. என்ன எழுதுகிறது என்று சரிபார்க்க எனக்கு எழுத்து தெரியாது. நான் பள்ளிக்கூடம் போக வேண்டிய வயதில் பள்ளிக்கூடத்துக்குள் கடல் இருந்தது. ஆனால் காதில் விழுந்தது எதுவும் எனக்கு மறக்காது. கம்பெனியின் உதவிக் குரல் போன மாதம் ஒன்று சொல்லும், இந்த மாதம் அப்படிச் சொல்லவே இல்லை என்று சாதிக்கும். அதற்காகத்தான் இந்தப் பதிவு. இதைக் கண்டெடுக்கிறவர் யாரானாலும், பொய் சொன்னது யார் என்று தெரிந்துகொள்ளட்டும்.

காற்று சரி. தண்ணீர் சரி. சூடு சரி. வைஃபை இல்லை. நேற்றும் இல்லை. முந்தாநாள் வந்தது, நான் தும்முவதற்குள் போய்விட்டது.

திங்கள், மதியச் சங்கு

உதவிக் குரல் டேப்லெட்டுக்குள்ளேயே குடியிருக்கிறது. இணைப்பு இல்லாவிட்டாலும் பேசும். அதற்கு மட்டும் ஒரு குறையும் வராது.

"டேப்லெட்டை அணைத்து மீண்டும் இயக்கவும்" என்றது. செய்தேன். "இந்த நெட்வொர்க்கை மறந்துவிட்டு மீண்டும் சேரவும்" என்றது. மறப்பது எனக்கு வராத வேலை, அதையும் செய்தேன். "பெட்டியின் அடியில் உள்ள எண்ணைப் படிக்கவும்" என்றது. எனக்குப் படிக்கத் தெரியாது என்று எத்தனையாவது தடவை சொல்வது? அப்புறம், அந்த வைஃபைப் பெட்டி என் வீட்டிலேயே இல்லை.

ஆறு வீட்டுக்கும் ஆறு பெட்டி கொடுத்தார்கள். ஒவ்வொன்றாகச் செத்தது. புதுசு வரும் வரும் என்றார்கள், வரவில்லை. முதல் வீட்டுக் கிளாட்வினுடைய பெட்டி மட்டும் தப்பியது. அவர் வயர்லெஸ்ஸில் பாஸ்வேர்டைக் கத்திச் சொன்னார், ஆறு வீடும் சேர்ந்துகொண்டோம். ஒரு வீட்டில் மீன் குழம்பு கொதித்தால் ஆறு கிண்ணம் போகிற லைன் இது. வைஃபையும் அப்படித்தான் போனது.

கிளாட்வினை வயர்லெஸ்ஸில் கூப்பிட்டேன்.

"வே, பெட்டியில லைட்டு எரியுதா?"

"எரியுது. உமக்கு வயிறு எரியுத மாதிரியே எரியுது."

"பச்சையா, செவப்பா?"

"மஞ்ச."

"மஞ்சன்னா என்னவே அர்த்தம்?"

"அதுக்கும் வயசாயிட்டுன்னு அர்த்தம். ரிட்டயர்மெண்டு கேக்குது."

"தரையில போட்டு வச்சா ஆறு செவரத் தாண்டி எப்படிவே வரும்? தூக்கி ஒசரத்துல வையும்."

"இத்தன வருசமா தரையிலதான் கெடக்கு."

"அதான் வரல. கட்டில் மேல ஏறும்."

"ஏறுதேன், கத்தாதையும். காதுல ஓட்ட விழுது."

திங்கள், மாலைச் சங்கு

கிளாட்வின் விழுந்துவிட்டார்.

நிலாவில் விழுவது மெதுவாகத்தான் நடக்கும். அதை நம்பக் கூடாது. இத்தனை வருஷம் பாரம் தெரியாமல் கிடந்த எலும்பு, முறுக்கு மாதிரி நொறுங்கும். வயர்லெஸ்ஸில் ஒரு நீளமான "ஏலேய்" கேட்டது. அப்புறம் சத்தம். அப்புறம் மூச்சு.

"இடுப்பு போச்சுவே."

"பெட்டி?" என்று என் வாயில் வந்துவிட்டது.

"படுபாவி. நெஞ்சு மேல அணச்சுக்கிட்டுக் கெடக்கேன். ஒயரும் அறல. சந்தோசமா?"

ஆறு வீட்டையும் இணைக்கிற நடையில் ஓடினேன். இந்த வயதில் ஓட்டம் என்று எதைச் சொல்வார்களோ அது. அவர் கதவை இடித்தேன், உதைத்தேன், இரும்புக் குழாயை வைத்து நெம்பினேன். இங்கே கதவெல்லாம் அவரவர் கட்டைவிரலுக்குத்தான் திறக்கும். அந்த விரல் உள்ளே தரையில் கிடக்கிறது. பாதுகாப்பாம். யாரிடமிருந்து? நிலாவில் எந்தத் திருடன் வரப்போகிறான்?

கதவை அறுக்க மருத்துவ வண்டியில் வருகிறவர்களால்தான் முடியும். வண்டியைக் கூப்பிட டேப்லெட்டில் சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டும். கிளாட்வினுடைய டேப்லெட் எப்போதோ உடைந்துபோனது. என் டேப்லெட்டுக்கு பேட்டரி போய்விட்டது, சார்ஜரில் செருகியிருந்தால்தான் உயிர். அதனால் வீட்டுக்கே திரும்பினேன். சிவப்புப் பொத்தானை அழுத்தினேன்.

இணைப்பு இல்லை என்றது.

மறுபடி அழுத்தினேன். கண்ணாடியில் விரிசல் விழுந்தது.

செவ்வாய், காலைச் சங்கு

கிளாட்வின் இரவெல்லாம் பேசினார். தண்ணீர்க் குழாய் அவர் தலைக்கு மேலே இருக்கிறதாம், கை எட்டவில்லையாம். "சொட்டு விழுதுவே. எனக்கு எட்டாத எடமாப் பாத்து விழுது."

காலையில் இணைப்பு ஒரு கணம் வந்தது. விடவில்லை, உதவிக் குரலைப் பிடித்துக்கொண்டேன். ஏன் என்னை வெளியே தள்ளுகிறாய் என்று கேட்டேன்.

"இந்தப் பெட்டி ஒரே நேரத்தில் நான்கு கருவிகளை மட்டுமே ஏற்கும். நான்கும் நிறைந்துள்ளன."

"யாரு அந்த நாலு பேரு?"

"இரண்டாம் வீடு, ரெக்ஸன். மூன்றாம் வீடு, பெர்லின். நான்காம் வீடு, ஆத்தியப்பன். ஐந்தாம் வீடு, முபாரக்."

இணைப்பு போய்விட்டது.

நால்வரும் செத்தவர்கள். நானும் கிளாட்வினும்தான் தூக்கிப் போய்ப் புதைத்தோம்.

இதைக் கண்டெடுக்கிறவருக்குச் சொல்லிவிடுகிறேன், இது எங்கள் வேலைதான். லைனில் ஐந்து பேருக்குக் கீழே குறைந்தால் லைனை மூடிவிட்டு மிச்சம் இருக்கிறவர்களைப் பூமிக்கு இறக்குவது கம்பெனிச் சட்டம். பூமியின் பாரத்தில் எங்கள் எலும்பு ஒரு வாரம் தாங்காது. டேப்லெட் இணைப்பில் இருந்தால் ஆள் இருக்கிறார் என்பது கம்பெனிக் கணக்கு. கிளாட்வினுக்கு மட்டும் பெட்டி எரிந்தாலே போதும், அது அவர் பெயரில் இருக்கிறது. முதலில் ரெக்ஸன் போனபோது, எங்களுக்கெல்லாம் அண்ணி முறையான பெர்லின் மைனிதான் யோசனை சொன்னாள். "டேப்லெட்ட சார்ஜர்ல போட்டுக் கதவச் சாத்துங்க. அவரு மூச்ச நிப்பாட்டுனா கம்பெனிக்கு எதுக்குத் தெரியணும்?" அடுத்து அவளே போனாள். அவளுடையதையும் சார்ஜரில் போட்டோம். அப்புறம் ஆத்தியப்பன். அப்புறம் முபாரக். நால்வரும் போனது கதவு திறந்து கிடந்தபோது; சாத்திய கதவுகளை அவர்கள் விரல் இல்லாமல் இனி யாராலும் திறக்க முடியாது.

ஆறு பேரும் உயிரோடு இருந்தபோது இதே பெட்டி போதுமானதாக இருந்தது. உயிரோடு இருக்கிறவன் டேப்லெட்டை அணைப்பான், மறப்பான், தூங்குவான். செத்தவன் விடவே மாட்டான்.

செவ்வாய், மதியச் சங்கு

மறுபடி ஒரு கணம் வந்தது. சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். போய்ச் சேர்ந்தது! முதல் வீட்டுக்கு வண்டி வேண்டும், இடுப்பு முறிந்துவிட்டது என்றேன். பதில்:

"தங்கள் லைனில் நால்வர் நலமாக உள்ளனர். வண்டி கோரும் முன் அருகில் உள்ளவர்களின் உதவியை நாடவும்."

நாடவா? முபாரக்கே, எழுந்து வந்து ஒரு கை பிடி என்று கூப்பிடவா? பெர்லின் மைனியே, தண்ணீர் கொண்டு போய்க் கொடு என்று சொல்லவா? வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். டேப்லெட் அதையும் எழுதியிருக்கும், அழிக்க மாட்டேன்.

கிளாட்வினிடம் சொன்னேன். சிரித்தார். சிரிப்பது வலித்தது போல, நிறுத்திவிட்டார்.

"சொல்லிரும்வே. நாலு பேரும் செத்துட்டாங்கன்னு சொல்லிரும்."

"சொன்னா லைன மூடுவான். நம்மள கீழ எறக்குவான்."

"எறக்கட்டும். எம் பேத்தியக் கண்ணால பாக்காமலே கெடக்கேன். ஒரு வாரம் போதும் எனக்கு."

இத்தனை வருஷத்தில் பேத்தி என்று அந்த மனுஷன் ஒரு தடவை வாய் திறந்ததில்லை.

செவ்வாய், மாலைச் சங்கு

இணைப்பு வந்ததும் முதல் பேச்சாகச் சொன்னேன்: ஐந்தாம் வீட்டு முபாரக் செத்துவிட்டான், அவன் டேப்லெட்டை வெளியே தள்ளு.

"இறந்த தேதியைக் குறிப்பிடவும்."

"நோன்புக் கஞ்சி காச்சி ஆளுக்கொரு கிண்ணம் குடுத்தான். அதுக்கு மறுநாளு."

"தேதியைக் குறிப்பிடவும்."

"கிண்ணத்தத் திருப்பிக் குடுக்கப் போனேன், போயிட்டான். அதான் தேதி. எழுதிக்கோ!"

எழுதிக்கொண்டது. "ஐந்தாம் வீடு காலி. காற்றுச் சேமிப்புக்காக மூடப்படுகிறது." என் வாசலுக்கு வெளியே நடையின் ஷட்டர் இறங்கியது. தரை அதிர்ந்தது. கிளாட்வின் வீட்டுக்குப் போகிற வழி அது ஒன்றுதான்.

நான்கில் ஓர் இடம் காலியானது. என் டேப்லெட்டில் சிக்னல் நிறைந்து நின்றது. இத்தனை மாதமாகக் காணாத சிக்னல். அதைப் பார்த்ததும் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

சரி, வழி போனது போனதுதான். மிச்சத்தையும் சொன்னேன். ஆத்தியப்பன்: துளைக்கும் எந்திரத்தில் இரண்டு விரலைக் கொடுத்துவிட்டு, அன்றைக்கே சீட்டாட வந்தவன். செத்தது, பல்வலி என்று படுத்த ராத்திரி. ஷட்டர் இறங்கியது. பெர்லின் மைனி: கம்பெனி மேலாளரை மேடையில் வைத்துக் கேள்வி கேட்டவள். அவளை வெறும் பெயராகச் சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை, பெர்லின் மைனி என்றே சொன்னேன். "மைனி என்பது பதிவில் இல்லை" என்றது. பதிவில் எது இருந்தது? ஷட்டர் இறங்கியது. ரெக்ஸன்: நல்லவன், கடன்காரன், பாட்டுக்காரன். இறங்கியது.

சத்தம் என்னை விட்டு ஒவ்வொரு வீடாகத் தள்ளிப் போய்க் கிளாட்வின் வாசலில் நின்றது.

புதன், காலைச் சங்கு

வண்டி கேட்டேன். இணைப்பு அறவில்லை. இப்போது இந்தப் பெட்டியில் நான் ஒருவன்தான்.

"அழைப்பவர் பெயர்?"

"இசக்கிராஜ். ஆறாம் வீடு."

"ஆறாம் வீட்டு இசக்கிராஜ் காலமாகிவிட்டார். பல வாரங்களாக அவர் கருவி தொடர்ந்து இணைப்பில் இல்லை. தங்கள் துயரத்தில் பங்கு கொள்கிறோம்."

செத்தவர்கள் நான்கு பேரும் நலம், நான் காலமாகிவிட்டேன்! கத்தினேன். செத்தவன் இப்படியா கத்துவான் என்று கேட்டேன். என் அப்பா பெயர், அம்மா பெயர், முதல் நாள் வேலைக்கு எழுதிக்கொண்ட சூப்பர்வைசர் பெயர், அவன் சட்டையின் நிறம் வரைக்கும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டது. பிறகு சொன்னது:

"இறப்புப் பதிவை மறுப்பதாக இருந்தால் விசாரணை நடைபெறும். விசாரணை முடியும் வரை இந்த லைனுக்கு வண்டி நிறுத்தி வைக்கப்படும். பதிவை ஏற்றுக்கொண்டால், எஞ்சியிருக்கும் ஒருவருக்கு வண்டி உடனே புறப்படும். மற்ற வீடுகள் மூடப்படும்."

விசாரணைக்கு எவ்வளவு நாள் என்றேன். அதைச் சொல்ல அதற்கு அதிகாரம் இல்லையாம்.

வயர்லெஸ்ஸில் கிளாட்வின் குரல் தேய்ந்துவிட்டது.

"வண்டி வருதாவே?"

"வருது. வாய மூடிட்டுக் கெடையும்."

"நீரும் ஏறிரும். தனியாப் போக எனக்குப் பயமா இருக்குவே."

"பேசாதையும்னா பேசாதையும். பெட்டிய மட்டும் கெட்டியாப் பிடிச்சுக்கிடும். அது அணஞ்சா நான் வந்து ஒதப்பேன்."

"எப்படிவே வருவீரு..."

வயர்லெஸ்ஸை அணைத்தேன்.

புதன், மதியச் சங்கு ஊதவில்லை, அல்லது எனக்குக் கேட்கவில்லை

நான் உயிரோடு இருக்கிறேன். கம்பெனிக்காரர்களே, இந்தப் பதிவைக் கேட்கிற எவனாக இருந்தாலும் சரி, இதை நான் ஒப்புக்கொண்டு சொல்லவில்லை. வயிறு எரிந்து சொல்கிறேன். உங்கள் கணக்கு தப்பு. உங்கள் பெட்டி தப்பு. உங்கள் கதவு தப்பு. நாளைக்கு வந்து கிழவன் சம்மதித்தான் என்று எவனாவது சொன்னால், அவன்

நான் சம்மதிக்கும் முன்னமே என் வீட்டுக் காற்றாடி மெதுவாகச் சுற்றுகிறது. காது அடைக்கிறது.

உதவிக் குரல் மறுபடி கேட்கிறது. அவசரமே இல்லாமல் கேட்கிறது.

"பதிவை ஏற்பதானால், லைனில் உயிரோடு இருப்பவரின் பெயரைத் தெளிவாகச் சொல்லவும்."

முதல் வீடு. கிளாட்வின் பர்னாந்து.