அப்பா சுவரில் எழுதிய தூரம்

அன்புள்ள சின்னக்குட்டிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணனும் அண்ணியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்கவேண்டும். என் எழுத்து கோழி கிளறியதுபோல இருக்கும், பொறுமையாகப் படி. போனில் சொல்லலாம்தான், ஆனால் கூடத்தில் எப்போதும் யாராவது இருக்கிறார்கள், இது உனக்கு மட்டும்.

அப்பா போய் இரண்டு மாதம் ஆகப்போகிறது. அவருடைய டிரைவர் சட்டை இரண்டையும் துவைத்து மடித்து வைத்துவிட்டேன். சமையலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது, அண்ணன் நாளைக்கு நாளைக்கு என்கிறான். நீ போன புதிதில் அண்ணன் போனில் பார்த்துச் சொல்ல, அப்பா எங்கள் அறைச் சுவரில் பென்சிலால் எழுதினாரே, ஒன்பதாயிரம் கிலோமீட்டர், நடுவில் விமானம் மாறக் காத்திருப்பதோடு பத்தொன்பது மணி நேரம் என்று, அது அழியாமல் இருக்கிறது. நம்ம பஸ்ஸுன்னா பன்னெண்டு நாளாவும், பிளேன்காரன் டீக்கு எங்க நிறுத்துவான்னு கேளுங்க என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

நீ போன் பண்ணும்போதெல்லாம் அதையே சொல்கிறாய், செய்தி கேட்டதும் அழுதுகொண்டு உட்காராமல் ஓடியிருந்தால் முந்தின விமானத்தைப் பிடித்து அப்பா முகத்தைப் பார்த்திருப்பேன் என்று. மறுநாள் இனிமேல் வைக்கமுடியாது என்று அவரைக் கொண்டுபோய் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, நீ பெட்டியோடு வாசலில் நின்றாய். உன் மாமா வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல், அப்பன் வண்டி ஒருநாள் லேட்டானதில்ல, பொண்ணு லேட்டு என்று உன் காதில் விழும்படி சொன்னார். அப்போதே நான் வாயைத் திறந்திருக்கவேண்டும், பயந்துவிட்டேன்.

நீ லேட்டாக வரவில்லை கண்ணு, நான்தான் லேட்டாகச் சொன்னேன். இங்கே நாலு மணிக்கு உனக்குப் போன் பண்ணினான் அண்ணன், அப்பா போனது ஒரு மணிக்கு. சாப்பிட்டுப் படுத்தவருக்குத் தண்ணீர் வைக்கப் போய்க் காலைத் தொட்டேன், தெரிந்துவிட்டது. கதவைச் சாத்திக்கொண்டேன். வெளியே சொன்னால் வீடு நிறைந்துவிடும், அப்புறம் அவர் எனக்கு மட்டும் இல்லை. முப்பத்தெட்டு வருஷம் விடியுமுன்னே வண்டியெடுக்கப் போன மனுஷன், பகலில் என் பக்கத்தில் இருந்தது எத்தனை நாள். காலையில் நகம் வெட்டிவிடச் சொன்னார், வேலை தலைக்குமேல கெடக்கு, அப்புறம் பாக்கலாம் என்று எரிந்து விழுந்தேன். அந்த நகத்தைத்தான் அப்போது பக்கத்தில் உட்கார்ந்து வெட்டினேன், இருபது விரலும். முடித்தபிறகும் எழுந்திருக்க மனசு வரவில்லை. அண்ணன் வந்து கதவைத் தட்டினபோது, இப்பதான்டா என்று சொல்லிவிட்டேன். எதிர்ச் சுவரில்தான் உன் பத்தொன்பது மணி நேரம் இருந்தது, என் கண்ணில் படவில்லை.

கோபம் வந்தால் திட்டு, ஒரு வாரம் பேசாமல்கூட இரு, அதற்குமேல் தாங்கமாட்டேன். ஓடியிருந்தால் என்று மட்டும் இனி சொல்லாதே. அண்ணனிடமும் மாமாவிடமும் நானே சொல்லிக்கொள்கிறேன். இரும்புச்சத்து மாத்திரையை விடாமல் போடு. அடுத்த தடவை நிதானமாகக் கிளம்பி வா, ஏறும் நேரத்தைச் சொன்னால் போதும், நான் எண்ணிக்கொண்டு வாசலில் இருப்பேன். நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நீண்டநாள் சேர்ந்து இருக்கவேண்டும்.

இப்படிக்கு,
உன் மூன்று மணி நேரத்தை எடுத்துக்கொண்ட
அம்மா