திராட்சை தாங்காது

அன்புள்ள பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் நலம். நீ நலமாக இருக்கிறாய் என்று நம்பித்தான் இதை எழுதுகிறேன். பாப்பா அத்தை வீட்டில் சமர்த்தாக இருக்கிறாள். முன்பல் ஆடுகிறது. யாரையும் தொட விடுவதில்லையாம், அம்மாதான் பிடுங்க வேண்டுமாம்.

போனிலேயே சொல்லியிருக்கலாம். உன் குரலைக் கேட்டால் சொல்ல வந்ததை விட்டுவிட்டு வேறு எதையாவது உளறுவேன். அதனால்தான் கடிதம். இந்த முறை நான் வரவில்லை.

எல்லையில் சரக்கைச் சோதிக்கும் மெஷின் பழுதாகிவிட்டது. முதலில் "சாயங்காலம் ஆயிடும்" என்றார்கள். அப்புறம் "காலையில பாருங்க" என்றார்கள். இன்று கையை விரித்துவிட்டார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் லாரிகள். வழி திறந்ததும் இந்தக் கடிதத்தை உன்னிடம் கொண்டுவருபவர் சிமென்ட் ஏற்றி வந்தவர். அவருக்கென்ன, சிமென்ட் அழுகவா போகிறது? நிழலில் துண்டை விரித்துப் படுத்துவிட்டார். நான் ஏற்றி வந்தது திராட்சை.

கம்பெனியில் வண்டிகளை அனுப்பும் அந்தப் பெண் மதியம் கூப்பிட்டாள். மூன்று வழி சொன்னாள். எல்லையின் வேறு வாசலுக்குச் சுற்றிப் போகலாம், ஆனால் அங்கே நிலவரம் எப்படியோ. இங்கேயே நின்றால் எப்போது விடுவார்களோ. திரும்பிப் போய்ப் பக்கத்து ஊர்ச் சந்தையில் இன்றே இறக்கினால், லாபம் இல்லாவிட்டாலும் பழம் வீணாகாது. "சரக்கு கூட நிக்கறது நீங்கதான் அண்ணே. தாங்குமா தாங்காதா, நீங்க சொல்றதுதான் முடிவு" என்றாள்.

கதவைத் திறந்து அடிப்பெட்டி ஒன்றை இழுத்துப் பார்த்தேன். கொத்தைத் தூக்கியதுமே பழங்கள் உதிர்ந்தன. காம்பு பழுப்பேறியிருந்தது. குளிர் மெஷினுக்கு டீசலும் குறைந்துவிட்டது. ஆனாலும் "தாங்கும்மா" என்று நுனிநாக்குவரை வந்துவிட்டது. நீ ஷிஃப்ட் மாற்றி வைத்திருப்பாய். ஆஸ்பத்திரி உடுப்போடு அந்தப் பக்கத்து மார்க்கெட் வாசலில் வந்து நிற்பாய். ஆட்கள் பெட்டி இறக்கி முடிக்கும்வரை கேபினில் என் பக்கத்தில் உட்கார்ந்து, வார்டுக் கதையெல்லாம் சொல்லிச் சிரிப்பாய். அதற்காகத்தானே இந்த ரூட்டைக் கேட்டு வாங்கினேன்.

"தாங்காது" என்றேன். ஒருவர் பாடுபட்டு விளைவித்த பழம், வேறென்ன சொல்வது? சந்தையில் யாரைப் பார்ப்பது என்று அவள் சொன்னாள். பிறகு, "அண்ணிகிட்ட சொல்லிட்டீங்களா?" என்று கேட்டாள். நான் யாரிடமும் உன்னைப் பற்றிச் சொன்னதில்லை. அவளுக்கு எப்படித் தெரிந்ததோ.

சரக்கு வாசலில்தான் இந்தப் பாடு. ஆட்கள் நடந்து வரும் வாசல் திறந்துதான் இருக்கிறது. தோளில் பையோடு ஒவ்வொருவராக வந்துகொண்டிருக்கிறார்கள். காலையில் தூரத்தில் உன் நடையிலேயே ஒருத்தி வந்தாள். எழுந்து நின்றுவிட்டேன். பக்கத்தில் வந்தபின்தான் உட்கார்ந்தேன்.

ஒப்பந்தம் முடியும்வரை லீவு கிடைப்பது கஷ்டம் என்று தெரியும். கேட்கவே கூடாது என்றுதான் இருந்தேன். இருந்தாலும் இரண்டு நாள் கேட்டுப் பாரேன். இல்லை என்று சொன்னால் மனசைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே. வேளைக்குச் சாப்பிடு. காலுக்கு ஓய்வு கொடு. எங்கே இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
வண்டியைத் திருப்பிக்கொண்டு போகும்
உன் வீட்டுக்காரன்