அப்பாவுக்கு ஓர் இடம்

பிரியமுள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் உன் தங்கையும் சுகம். அப்பாவைப் பற்றி அப்படி எழுத முடியவில்லை. போனில் கேட்டால் நன்றாக இருக்கிறேன் என்றுதான் சொல்வார், நம்பாதே. இரண்டு வாய் பாலுக்கு மேல் இறங்குவதில்லை. இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். இந்தச் சின்ன வீட்டில் போனில் பேசினால் அவர் காதில் விழும். அதனால்தான் எழுதுகிறேன்.

தங்கை மருந்துக் கடைக்குப் போய் வருகிறாள். ஆண்டவர் சொன்னார் என்று பாஸ்டர் பார்த்த மாப்பிள்ளையை வேண்டாம் என்றதிலிருந்து சபையில் யாரும் அவளுக்கு வரன் சொல்வதில்லை. அவளுக்கு அதில் வருத்தமில்லை, எனக்குத்தான். சாட்சி சொல்லும் நேரத்தில் நீ மைக்கை வாங்கி, “ஆண்டவர் உங்ககிட்ட சொன்ன மாப்பிள்ளையை என் தங்கச்சிகிட்ட ஏன் சொல்லலை?” என்று பாஸ்டரைக் கேட்டாயே, அதை நினைத்து அப்பா இன்றும் சிரிக்கிறார். சிரித்தால் இருமல் வருகிறது. அன்றைக்கு மைக்கை அணைக்கச் சொல்லி பாஸ்டர் கை காட்டியும் இவர் அணைக்கவில்லை. எத்தனையோ வருடம் அங்கே வயர் இழுத்துக் கட்டிய மனிதர், அதன் பிறகு மைக் செட் பக்கமே போகக் கூடாது என்றாகிவிட்டது. நீ ஊரை விட்டுப் போனாய், நாங்கள் கடைசி பெஞ்சுக்குப் போனோம்.

போன வாரம் பெண்கள் ஜெபக் கூட்டத்தில் பாஸ்டரம்மா என் கையைப் பிடித்து ஆறுதலாக விசாரித்தார். என் வாய் சும்மா இருக்கவில்லை. அப்பாவுக்கு நாள் நெருங்கிவிட்டது, உனக்கு முன்னால் பிறந்து சிறு வயதில் தவறிப்போன உன் அக்கா பக்கத்தில், சபைக் கல்லறைத் தோட்டத்தில்தான் தன்னை வைக்க வேண்டும் என்கிறார், ஜெபித்துக்கொள்ளுங்கள் என்றேன். ஜெபத்துக்குச் சொன்னது அங்கே யார் காதுக்குப் போகும் என்று தெரியாதவளா நான்? வேறு யாரிடம் போய்ச் சொல்லி அழுவது?

மறுநாளே பாஸ்டர் வந்தார். அப்பா தலையில் கைவைத்து நீளமாக ஜெபித்தார். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, “தம்பி வந்து சபை முன்னாடி மன்னிப்பு கேட்டாப் போதும்மா. ஐயாவைப் பிள்ளை பக்கத்துலயே வச்சிடலாம். இல்லேன்னா கமிட்டி ஒத்துக்காது, என் கையில என்ன இருக்கு?” என்றார். அவர் கை தூக்கினால் தானும் தூக்குகிற கமிட்டி. எனக்குச் சண்டை போடத் தெம்பில்லை, தலையை ஆட்டி வைத்தேன்.

உள்ளே வந்தால் அப்பா முழித்திருக்கிறார். “அவன் கேட்டதுல என்ன தப்பு? என்னை எங்க வேணா புதைங்க, புள்ளைய அங்க கொண்டுபோய் நிக்க வைக்காத” என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். உன் அக்காவைத் தன் கையாலேயே குழிக்குள் வைத்தவர் அவர். அழுதிருப்பார். நான் எட்டிப் பார்க்கவில்லை.

நேற்று நானும் தங்கையும் ஊர்ப் பொது இடுகாட்டுக்குப் போனோம். சுற்றுச்சுவர் பாதி இடிந்திருக்கிறது, ஆனாலும் குழாயில் தண்ணீர் வருகிறது. காவல்காரர், “எப்பம்மா தவறினாங்க?” என்று கேட்டார். இன்னும் இல்லைப்பா என்று சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தேன். அந்த மனிதர் நாற்காலியை எடுத்துப் போட்டார். வரும் வழியில் பாஸ்டர் வீட்டில் ஏறி, என் மகன் சபைக்கு வரமாட்டான் என்று சொல்லிவிட்டு வந்தேன். உட்காரக்கூட இல்லை.

மன்னிப்புக் கேட்கலாமா வேண்டாமா என்று நீ அங்கே மண்டையைக் குழப்பிக்கொள்ளாதே. அதற்காக உன்னைக் கூப்பிடவில்லை. லீவு கிடைக்காவிட்டாலும் கிளம்பி வா. வழி நெடுக ஆண்டவர் உன் கூட இருக்கட்டும். போன பிறகு பிள்ளை பக்கத்தில் படுக்க அவரை இவர்கள் விடப்போவதில்லை. இருக்கும்போதாவது நீ பக்கத்தில் இருப்பா.

உன் அம்மா