அக்காவின் அளவு

என் சின்னவளுக்கு,

நாங்கள் இருவரும் சுகம், நீயும் சுகமாயிருக்க வேண்டும் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், அதில் முதல் பாதி பொய், இரண்டாம் பாதியை மட்டும் வைத்துக்கொள். உன் அப்பாவுக்கு முட்டி வலி குறையவில்லை, ஆனால் வாய் மட்டும் ஓய்வதில்லை, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் உன் அக்காவைப் பற்றியே பேசுகிறார், நான் எழுந்து உள்ளே போய்விடுகிறேன். கடையை மறுபடி திறந்து மூன்று வாரமாகிறது. தையல் பெண்கள் பதினாலு பேரும் வந்துவிட்டார்கள், என் தலையைக் கண்டதும் ரேடியோவை அணைத்துவிடுகிறார்கள், பாட்டு ஓடினா ஓடட்டுமேடி, நான் என்ன பேயா என்று கத்தினேன், அதற்கும் இரண்டு பேர் அழுதுவிட்டார்கள். என்னத்தைச் சொல்ல.

அக்காவை எடுத்துக்கொண்டு போன அன்று வாசலில் நின்று நீ கேட்டாய், டேப்பும் கையுமா அவளையே சுத்திச் சுத்தி வந்தியேம்மா, உனக்கு எப்படித் தெரியாமப் போச்சு என்று. மறுநாள் விமானம் ஏறினவள்தான், இரண்டு மாதமாக அப்பாவோடு மட்டும் பேசுகிறாய். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. போனில் சொல்லப் போனால் பாதியில் வைத்துவிடுவேன், அதனால் எழுதுகிறேன். தெரியாமல் போகவில்லை கண்ணு. தெரிந்தது. என் அளவு நோட்டில், என் கையெழுத்திலேயே இருக்கிறது.

சாப்பாட்டு மேஜையில் துணி விரித்து முதல் கவுனை வெட்டினபோது மாடல் பெண்ணுக்கெல்லாம் நமக்கு ஏது வழி, உன் அக்காதான் நின்றாள். நீ அப்போது ஒட்டடைக்குச்சி, உன்மேல் எதைப் போட்டாலும் கொடியில் காயப்போட்ட மாதிரித்தான் தொங்கும். அவள் உடம்புதான் நம் மீடியம் சைஸ் ஆனது. சாம்பிளை அவளுக்குப் போட்டுப் பார்த்துச் சரிசெய்து, அதிலிருந்து மேலே இரண்டு சைஸ், கீழே இரண்டு சைஸ். பன்னிரண்டு வருடத்தில் அந்த மேஜை மூன்று கடையானது, ஆபீஸ் போகிற பெண்கள் நம் பேன்ட்டைத் தேடி வந்தார்கள், நிஜமாகவே கை நுழைகிற பாக்கெட் வைத்தோமே அதற்காக. எவள் எங்கே அதை வாங்கிப் போட்டாலும் அது உன் அக்காமேல் நின்று பார்த்த துணி. அதில் எனக்கு எவ்வளவு கர்வம் தெரியுமா.

போன வருடம் ஒரு பாவாடை சாம்பிளைப் போட்டுப் பார்த்தபோது இடுப்பில் அரை இஞ்சு தொளதொளவென்று நின்றது. வேறு எந்த அம்மாவாக இருந்தாலும் என்னடி சாப்பிடறியா இல்லையா என்று கேட்டிருப்பாள். நான் குண்டூசி குத்திப் பிடித்தேன். கட்டிங் மாஸ்டரைக் கூப்பிட்டு, துணி மேல் வைத்து வெட்டுகிற அளவு அட்டையில் அரை இஞ்சு குறைக்கச் சொன்னேன். மூன்று மாதம் கழித்து அடுத்த டிசைன், முக்கால் இஞ்சு. அதற்கடுத்து ஒன்றேகால். ஒவ்வொரு தடவையும் அவளைத் திருப்பி நிறுத்திவிட்டு, இப்பதான்டி துணி அழகா விழுது என்றேன். பாவி, இந்த வாயால்தான் சொன்னேன். அவளும் சிரித்தாள், பட்டினி கிடக்காமலே இளைக்கிறேன், ஆபீஸ்ல எல்லாரும் வயிறெரியறாங்கம்மா என்றாள். அவள் மீடியம் சுருங்கச் சுருங்க எல்லா சைஸும் சேர்ந்து சுருங்கியது. வாங்கினவர்கள் திருப்பி அனுப்ப ஆரம்பித்தார்கள், எப்பவும் போடற லார்ஜ் இப்ப தொடையிலயே நின்னுடுது என்று எழுதினார்கள். மூட்டை மூட்டையாக வந்தது. நான் என்ன சொன்னேன் தெரியுமா, ஊரே குண்டாயிடுச்சு போ என்று சொல்லிச் சிரித்தேன். முன்பின் தெரியாத எத்தனையோ பெண்கள் உன் அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்று எனக்கு எழுதியிருக்கிறார்கள், நான் படித்துவிட்டுக் குப்பையில் போட்டிருக்கிறேன். மாஸ்டர் ஒருநாள் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, பாப்பா ரொம்ப வாடித் தெரியுதே, ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டுங்களேன் என்றார். உங்க வேலை அட்டையை வெட்டுறது, அதை ஒழுங்காப் பாருங்க என்று எல்லோர் முன்னாலும் அவர் வாயை அடைத்தேன். வயிற்று வலி என்று அவளே ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தபோது டாக்டர் கேட்ட முதல் கேள்வி, எத்தனை நாளா இளைக்கிறாங்க என்பதுதான். எனக்குத் தேதியோடு தெரியும். அப்புறம் ஏழே வாரம்.

இப்போது மாஸ்டர் என்னைக் கேட்காமலே முதல் வருடத்து அட்டைகளைத் தேடி எடுத்து அந்த அளவில் வெட்டுகிறார். நான் தடுக்கவில்லை. இந்த மாதம் ஒரு துணிகூடத் திரும்பி வரவில்லை, கச்சிதமா இருக்கு என்று வாங்கினவர்கள் எழுதுகிறார்கள். அதைப் படித்தால் எனக்குப் பெற்ற வயிறு பற்றி எரிகிறது.

இதையெல்லாம் நீ மன்னிக்க வேண்டும் என்பதற்காக எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை உன் அப்பாவுக்கு ஒரு போட்டோ அனுப்பியிருந்தாய், பஸ் நிறுத்தத்தில் நிற்கிறாய், போன குளிருக்கு நான் தைத்து அனுப்பிய பச்சைக் கோட்டு. உன் முகத்தைப் பார்க்கும் முன்னால் என் கண் தையலுக்குத்தான் போனது, என்ன ஜென்மமோ நான். தோள் தையல் தோளில் இல்லை, இரண்டு விரற்கடை கீழே இறங்கிக் கிடக்கிறது. உன் தோளுக்கு நான் அளவு தப்பமாட்டேன். துக்கத்தில் சாப்பாடு இறங்காமல்தான் இளைத்திருப்பாய், அப்படியே இருக்கட்டும், அதை ஒரு டாக்டர் சொல்லட்டும், நான் சொல்லமாட்டேன். கோட்டைப் பிடித்துத் தைத்துக்கொள்ளாதே. இந்த வாரமே போய்ப் பார், அக்காவுக்கு என்ன இருந்தது என்று மறைக்காமல் சொல்லு.

உன் அக்காவுக்குக் கிடைக்காத வருடங்களையும் சேர்த்து நீ வாழ வேண்டும், நன்றாக இரு. டாக்டர் சொன்னதை மட்டும் மறக்காமல் தெரியப்படுத்து. என்னிடம் பேச வேண்டாம், அப்பாவிடம் சொன்னால் போதும், நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா